நஞ்சு பரவிய காலத்து உணவும் கால்நடையும்

ஹைதராபாத் நகரின் நடுவே ஓடும் மூசி ஆற்றின் கரைகளில் பசும்புல் வளர்த்து விற்கும் தொழில் நெடுநாளாக நடந்துவருகிறது. பாராப் புல் என்று வழங்கும் இப்புல், நகரத்துக் கழிவு நீரில் செழித்து வளர்ந்து, கட்டுக் கட்டாக அறுக்கப்பட்டு, எருமை வளர்ப்போரிடம் விலையாகிறது. புல் எருமைக்கு உணவு; எருமையின் பால் நமக்கு உணவு. ஆற்று நீரில் எது கலந்தாலும், அது இந்த வழியாக நம் வீட்டுக் குவளை வரையில் வந்து சேர இடமுண்டு. இந்தச் சிறிய உண்மையை மனத்திற் கொண்டுதான் நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளை ஆராய வேண்டும்.

ரசாயனத் தொழிற்சாலையில் விபத்து நேர்ந்து நஞ்சு வெளிப்பட்டது என்ற செய்தியைக் கேட்டவுடன் நாம் முதலில் வினவுவது, எத்தனை பேர் இறந்தனர், எத்தனை பேர் மருத்துவமனையில் இருக்கின்றனர் என்பதே. அது இயல்பு. ஆயினும் நஞ்சு மனிதனை வந்தடைய வழிகள் இரண்டு. மூச்சின் வழி வருவது ஒன்று. அது விரைவில் தெரியும், விரைவில் எண்ணப்படும். உணவின் வழி வருவது மற்றொன்று. அது மெல்ல வரும், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்தே புலப்படும். இந்த இரண்டாம் வழியை அடைக்க அரசாங்கங்களும் மக்களும் எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பது தனியே சொல்லத்தக்க ஒரு வரலாறு. அவ்வரலாற்றின் சில பக்கங்கள் நாம் வாழும் இந்தத் தக்காணத் தலைநகரிலேயே எழுதப்பட்டன.

இந்நகரம் நீரைக் காப்பதன் அருமையைப் பேரிழப்பின் வாயிலாகக் கற்ற நகரம். 1908ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மூசியில் பெருகிய வெள்ளம் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. அதன்பின் பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவின் யோசனைகளைத் தழுவி இரு பெரும் ஏரிகள் அமைந்தன. மூசியின் குறுக்கே கட்டப்பட்ட உஸ்மான் சாகர் 1920இலும், ஈசி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஹிமாயத் சாகர் 1927இலும் நிறைவெய்தின. வெள்ளத்தைத் தடுக்கப் பிறந்த ஏரிகள் நகரத்தின் குடிநீர்க் களஞ்சியங்களும் ஆயின. அக்காலத்தார் அஞ்சியது நீரின் பெருக்கத்தைக் குறித்து. நீரின் தூய்மையைக் குறித்த அச்சம் பிற்காலத்தது.

அந்த அச்சத்தை நம் நாடு முழுவதும் உணரச் செய்த நிகழ்ச்சி 1958ஆம் ஆண்டில் கேரளத்திலும் சென்னை ராஜ்யத்திலும் நடந்தது. பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி மருந்து, கப்பலில் கோதுமை மாவு முதலிய உணவுப் பொருள்களோடு ஒரே அறையில் ஏற்றப்பட்டு வந்தது. ஃபாலிடால் என்ற வாணிபப் பெயரில் உழவர்கள் அறிந்த மருந்தே அது. மருந்து கசிந்து மூட்டைகளில் ஊறியது. அந்த மாவில் செய்த பண்டத்தை உண்டவர்களில் 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். இங்கே புகையும் இல்லை, வெடியும் இல்லை. நஞ்சு சாக்குத் துணியைக் கடந்து மாவுக்குள் புகுந்ததை எவரும் கண்ணால் காணவில்லை. நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் அமைந்த விசாரணைக் குழு இதனை ஆராய்ந்தது. அதன் விளைவாகப் பத்தாண்டுகள் கழித்து, 1968இல், பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. உணவும் நஞ்சும் ஒரே கூரையின் கீழ், ஒரே வண்டியில், ஒரே அறையில் இருத்தல் ஆகாது என்பதே அந்தத் துயரம் புகட்டிய பாடம். வீட்டுப் பரணில் அரிசி மூட்டைக்கு அருகே எலி மருந்தை வைக்கும் வழக்கம் இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதை நோக்கும்போது, அப்பாடம் இன்னும் பழையதாகவில்லை என்று சொல்ல வேண்டும்.

அதே 1958ஆம் ஆண்டில்தான், நீலகிரியில் குன்னூரில் இயங்கிவந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலை ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்பவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு முயற்சியே வளர்ந்து அந்த ஆராய்ச்சிச் சாலையாயிற்று. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்கும் அது, உணவில் இருக்க வேண்டியவற்றை ஆராய்ந்ததோடு, உணவில் இருக்கக் கூடாதவற்றையும் ஆராயத் தலைப்பட்டது. நிலத்தடி நீரை ஆராயும் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும், ரசாயனத்தை ஆராயும் இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனமும் இந்நகரிலேயே உள்ளன. நஞ்சை உண்டாக்கும் தொழிலும் நஞ்சை அளக்கும் அறிவும் ஒரே நகரத்தில் அடுத்தடுத்து வளர்ந்தமை ஹைதராபாத்தின் தனிச் சிறப்பு எனலாம்.

இனிச் சற்றே கடல் கடந்து நோக்குவோம். 1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையிலிருந்து மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் தாதுப் பொருளுக்குப் பதிலாக, தீப்பற்றாமல் காக்கும் புரோமின் கலந்த ரசாயனம் மூட்டைகளில் தவறிச் சென்றுவிட்டது. இரண்டின் பெயர்களும் ஏறத்தாழ ஒத்திருந்தன. தீவனத்தில் கலந்த அந்தப் பொருளை மாடுகள் உண்டன. பால் வற்றியது, பசி குன்றியது, குளம்புகள் கோணின. முதலில் ஐயுற்றவர் அதிகாரி அல்லர், தம் மாடுகளை நாள்தோறும் கண்ட பண்ணைக்காரர் ஒருவர். அவர் விடாது முயன்றதன் பயனாகவே மறு ஆண்டில் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் பாலும் இறைச்சியும் முட்டையும் மாநில மக்களின் உணவில் கலந்துவிட்டன. ஏறத்தாழ 30,000 மாடுகளும் 15 லட்சம் கோழிகளும் அழிக்கப்பட்டன.

மூன்றாண்டுகள் கழித்து, 1976ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், இத்தாலியில் மிலான் நகருக்கு வடக்கே ஒரு ரசாயன ஆலையிலிருந்து டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு கலந்த மேகம் எழுந்து, செவேசோ என்ற சிற்றூரின்மேல் படிந்தது. சில நாட்களில் முயல்களும் கோழிகளும் செத்து விழுந்தன. மக்கள் உடனே விழவில்லை. அதனால் அபாயத்தின் அளவு உடனே உணரப்படவும் இல்லை. மிகவும் பாதிப்புற்ற பகுதியிலிருந்து 700க்கு மேற்பட்ட மக்களை வெளியேற்ற இரு வாரங்கள் சென்றன. தாமாக இறந்த விலங்குகள் சில ஆயிரமே. ஆனால் நஞ்சு உணவில் ஏறாதிருக்க வேண்டி, அடுத்த இரண்டாண்டுகளில் அரசாங்கம் கொல்வித்த விலங்குகள் 80,000 வரையில் ஆயின. ஐரோப்பிய நாடுகள் 1982இல் இயற்றிய பெரு விபத்துத் தடுப்பு விதிகள் இன்றளவும் செவேசோவின் பெயராலேயே வழங்குகின்றன.

நோயில்லாத மாட்டை ஏன் கொல்ல வேண்டும் என்று கேட்கத் தோன்றும். டையாக்சின், மிச்சிகனில் கலந்த புரோமின் பொருள் ஆகிய இவை நீரில் கரைவன அல்ல; கொழுப்பில் கரைவன. மாட்டின் உடற்கொழுப்பில் தங்கி, பாலின் வெண்ணெயோடு வெளிவரும். கழுவினாலும் போகாது, காய்ச்சினாலும் போகாது. பால் பொங்கிவிட்டால் தீங்கு நீங்கியது என்று எண்ணும் நம் இல்லத்து நம்பிக்கை கிருமிகளுக்குப் பொருந்தும். இத்தகைய நஞ்சுகளுக்குப் பொருந்தாது.

இந்தப் பின்னணியில் நம் நாட்டின் மாபெரும் துயரத்தை நோக்குவோம். 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு, போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வாயு வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்ட செய்தியை உலகமே அறியும். அந்த இரவில் மாண்ட கால்நடைகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. காற்றினும் கனமான அந்த வாயு தரையை ஒட்டித் தவழ்ந்தது. மனிதனாவது எழுந்து ஓடலாம். கட்டுத்தறியில் பிணித்த எருமையும் பசுவும் எங்ஙனம் ஓடும்? ஏறத்தாழ 2,000 விலங்குகளின் உடல்கள் தெருக்களிலிருந்தும் தொழுவங்களிலிருந்தும் அகற்றப்பட்டதாகக் கூறுவர். மரங்கள் சில நாட்களில் இலையுதிர்த்து நின்றன.

அடுத்து எழுந்த வினா, எதை உண்பது என்பது. மீன் பிடிப்பது தடை செய்யப்பட்டது. வெளியூர் வணிகர்கள் சரக்கு அனுப்ப அஞ்சியதால் நகரில் உணவுப் பொருள்கள் அருகின. ஆக, நஞ்சினால் ஒரு பஞ்சமும் அச்சத்தினால் மற்றொரு பஞ்சமும் போபால் மக்களை வந்தடைந்தன. மெத்தில் ஐசோசயனேட் நீர் பட்டால் விரைவில் சிதைந்து வேறு பொருள்களாக மாறும் இயல்புடையது. டையாக்சினைப் போல உணவில் ஆண்டுக் கணக்கில் தங்குவதன்று. ஆனால் அவ்வேளையில் அந்த ஊர் மக்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டிய நம்பத்தக்க குரல் எங்கே இருந்தது? எந்த வாயு வெளிப்பட்டது, அதன் குணம் என்ன என்பதே அன்று மருத்துவர்களுக்கும் தெளிவாக அறிவிக்கப்படவில்லை. நஞ்சின் பெயர் தெரியாத இடத்தில் எல்லா உணவும் ஐயத்துக்குரியதாகிறது. ஏழைக்கு ஐயம் என்பது பட்டினிக்கு மறுபெயர்.

போபாலுக்குப் பின்னரே நம் சட்டங்கள் விழித்தெழுந்தன. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள் 1989இல் வந்தன. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991இல் வந்தது. ரசாயன விபத்து விதிகள் 1996இல் வந்து, மத்தியிலும் மாநிலத்திலும் மாவட்டத்திலும் வட்டாரத்திலும் நெருக்கடிக் குழுக்களை ஏற்படுத்தின. இவற்றுள் 1989ஆம் ஆண்டு விதிகளில் ஒரு விதி நம் கருத்துக்குரியது. ஆலைக்கு அருகே வாழும் மக்களுக்கு, விபத்து நேரும் முன்னரே, அபாயத்தின் தன்மையையும் அவர்கள் செய்ய வேண்டியதையும் தெரிவிப்பது ஆலை நடத்துவோரின் கடமை என்று அது விதிக்கிறது. சட்ட வாசகங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லும் தொழிலில் இருக்கும் நாம் இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தெரிவித்தல் என்பது காகிதத்தை ஒட்டுதல் அன்று. தெலுங்கும் உருதுவும் தமிழும் மராத்தியும் பேசும் ஒரு பகுதியில், மாடு மேய்ப்பவர் படித்து அல்லது கேட்டுப் புரிந்துகொண்டாலொழிய அறிவிப்பு நிறைவேறியதாகாது.

போபாலின் நஞ்சு ஓரிரவில் வந்தது. ஹைதராபாத்துக்கு அருகே வந்த நஞ்சோ நாள்தோறும் சிறிது சிறிதாக வந்தது. 1961இல் தோற்றுவிக்கப்பட்ட அரசுத்துறை மருந்து நிறுவனம் ஒன்று இந்நகரில் ரசாயன மருந்து ஆலையை நிறுவியது. அங்கே தொழில் கற்றவர்கள் பின்னர்த் தாமே ஆலைகள் தொடங்கினர். 1970களில் நகருக்கு வடமேற்கே பட்டான்செருவிலும், அதனை அடுத்துப் பொல்லாரத்திலும் தொழிற்பேட்டைகள் விரிந்தன. நாட்டுக்கு மலிவான மருந்தைத் தந்த பெருமை இந்த ஆலைகளுக்கு உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அவற்றின் கழிவு நீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் விடப்பட்டது. நக்கவாகு என்னும் ஓடை அந்நீரைச் சுமந்து மஞ்சீரா ஆற்றில் சேர்த்தது. ஏரிப் பாசனத்தை நம்பிய கழனிகள் பாழாயின. கிணற்று நீர் நிறம் மாறியது. அந்நீரைக் குடித்த கால்நடைகளும் நோயுற்றன. வறண்ட நிலத்துப் பயிர்களை ஆராயும் பன்னாட்டு நிறுவனமான இக்ரிசாட் 1972 முதல் இதே பட்டான்செருவில்தான் இயங்குகிறது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது. ஒரு வேலிக்குள்ளே உலக உழவர்களுக்காக ஆராய்ச்சி. வேலிக்கு வெளியே உள்ளூர் உழவருக்கு நீர் இல்லை.

1990இல் இந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. பாதிப்புற்ற உழவர்களுக்கு நஷ்டஈடு வழங்கவும் கிராமங்களுக்கு நல்ல குடிநீர் கொடுக்கவும் நீதிமன்றம் பல ஆணைகளைப் பிறப்பித்தது; 2001இல் வழக்கை ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. இடையே ஆலைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையம் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்ற அந்நிலையத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வெளிவந்த நீரை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2007இல் தம் முடிவை வெளியிட்டனர். ஒரு லிட்டர் நீரில் 31 மில்லிகிராம் வரையில் சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து இருந்தது. அம்மருந்தை உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவையும் இது விஞ்சியது. நோயைத் தீர்க்க வேண்டிய பொருளே ஓடையில் ஓடினால், கிருமிகள் அதற்குப் பழகி வலுப்பெறும் என்பதை உலகம் அப்போது உணர்ந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடெங்கும் நடத்திய மதிப்பீட்டில், கடுமையாக மாசுற்றவை என்று குறித்த 43 தொழில் வட்டாரங்களுள் பட்டான்செரு-பொல்லாரமும் ஒன்று.

பின்னர்ச் சுத்திகரித்த கழிவு நீரைப் பட்டான்செருவிலிருந்து குழாய் வழியே நகரத்து அம்பர்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்ல ஏற்பாடாயிற்று. மஞ்சீராவின் சுமை குறைந்தது. ஆனால் அம்பர்பேட்டையின் நீர் சென்று சேருமிடம் மூசி ஆறு. மூசியின் கரையில்தான் எருமைகளுக்கான புல் வளர்கிறது. ஓரிடத்து உழவரைக் காக்கச் செய்த ஏற்பாடு மற்றோரிடத்துப் பால்காரரின் வாசலில் வினாவாகி நிற்பதை இங்கே காண்கிறோம். நஞ்சை இடம் மாற்றுவது நஞ்சை நீக்குவதாகாது.

தமிழகத்தாருக்கு இது அந்நியக் கதையன்று. பாலாற்றங்கரையில் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலின் கழிவு பரவியதால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்பது உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பில் இடம்பெற்ற செய்தி. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும். தீங்கு நேரும் என்ற ஐயம் இருப்பின் முன்னரே தடுக்க வேண்டும். இவ்விரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு உரைத்தது.

அந்த இரண்டாம் கொள்கைக்கு உரைகல்லாக அமைந்த வழக்கு ஹைதராபாத்திலிருந்தே எழுந்தது. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் மாசு உண்டாக்கும் தொழில்கள் கூடாது என்று 1996இல் மாநில அரசு ஆணையிட்டிருந்தது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து பொருள்கள் செய்யும் ஆலை ஒன்று, தன் கழிவு ஏரியை அடையாது என்று கூறி அனுமதி கோரியது. அடையும் என்று மக்கள் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, அடையாது என்று ஆலையே மெய்ப்பிக்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1999இல் விளக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அனுமதியை முடிவாக மறுத்தது. பின்னர் 2022இல் மாநில அரசு அந்த ஏரிப் பகுதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி வேறோர் ஆணை வெளியிட்டது. ஏரி ஒன்றைக் காப்பது ஒரு தலைமுறையில் முடிந்துவிடும் வேலையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

2020ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் விடியற்காலையில் விசாகப்பட்டினத்தை அடுத்த ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளிப்பட்டது. 12 பேர் உயிரிழந்தனர். மாடுகளும் பிற விலங்குகளும் தொழுவத்திலும் தெருவிலும் விழுந்தன. இம்முறை ஒரு வேறுபாடு காணப்பட்டது. அப்பகுதியில் விளைந்த காய்களையும் பழங்களையும் உண்ண வேண்டா, அங்குள்ள புல்லை மாட்டுக்கு இட வேண்டா, அம்மாடுகளின் பாலைப் பருக வேண்டா என்று, சோதனைகள் முடியும் வரையில், மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. கால்நடையை இழந்தோருக்கும் அரசு நிவாரணம் அறிவித்தது. போபாலில் எழுந்த வினாவுக்கு, 36 ஆண்டுகள் கழித்து, ஒருவாறு விடை சொல்லப்பட்டது எனலாம்.

இந்த வரலாறு முழுவதையும் ஒருங்கே நோக்கினால், நஞ்சுகள் மூவகைப்படும் என்பது விளங்கும். காற்றில் வந்து விரைவில் சிதைவன ஒரு வகை. கொழுப்பில் தங்கிப் பாலிலும் முட்டையிலும் இறைச்சியிலும் வெளிவருவன மற்றொரு வகை. மண்ணிலும் நீரிலும் படிந்து பயிரின் வேர் வழியே ஏறுவன மூன்றாம் வகை. முதல் வகைக்குச் சில நாட்கள் காத்திருப்பதும் கழுவுவதும் உதவும். இரண்டாம் வகைக்குச் சோதனை ஒன்றே வழி. மூன்றாம் வகைக்கு நீரையே மாற்றியாக வேண்டும். ஆகவே விபத்து நேர்ந்தவுடன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, வெளிப்பட்ட பொருளின் பெயர் என்ன என்பதே.

பெயர் தெரியும் வரையில் குடும்பத்தார் செய்யத்தக்கவை சில உண்டு. மனித உயிரே முதன்மை. மாட்டை மீட்கச் சென்று மயங்கி வீழ்ந்தோர் உண்டாகலாகாது. வெளியேறும்படி ஆணை வந்தால், அவகாசம் இருந்தாலன்றிக் கால்நடைக்காகத் தாமதித்தல் கூடாது. இயலுமாயின் கயிற்றை அவிழ்த்துவிடலாம். அவகாசம் இருந்தால் காற்று வரும் திசைக்குக் குறுக்காக, மேட்டு நிலத்தை நோக்கி ஓட்டிச் செல்வது நன்று. கனமான ஆவிகள் பள்ளத்தில் தேங்கும். வீட்டிலேயே இருக்கும்படி சொன்னால், மாட்டைத் தொழுவத்தினுள் கட்டிச் சன்னல்களையும் இடுக்குகளையும் ஈரச்சாக்கால் அடைக்கலாம். கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடுதல் வேண்டும். வைக்கோல் போரைத் தார்ப்பாயால் மூடினால் உட்பகுதி காப்பாற்றப்படும். மூடப்படாத போரின் மேற்பகுதியை நீக்கி ஒதுக்க வேண்டும். தவிடும் புண்ணாக்கும் கதவடைத்த அறையில் இருப்பது நலம்.

மேகம் கடந்தபின் மாட்டை உடனே மேய்ச்சலுக்கு விடக் கூடாது. புல்லின்மேல் படிந்ததை அது நாவால் வழித்து உண்ணும். திறந்து கிடந்த சமைத்த உணவை எறிந்துவிட வேண்டும். மூடி முத்திரையிட்ட டப்பாக்களை வெளிப்புறம் நன்கு கழுவித் துடைத்துத் திறக்கலாம். பால் கறப்பதை நிறுத்தினால் மடி வீங்கி மாடு துன்புறும். ஆதலால் கறந்து, மற்றப் பாலோடு கலவாமல், குளத்திலும் ஓடையிலும் ஊற்றாமல், அதிகாரிகள் சொல்லும்படி தனியே ஒதுக்க வேண்டும். ஒரு வீட்டுப் பால் கூட்டுறவு நிலையத்தின் பெருந்தொட்டியில் கலந்துவிட்டால் ஊரார் அனைவரின் பாலும் ஐயத்துக்குள்ளாகும். இறந்த விலங்கை இறைச்சிக்கோ தோலுக்கோ விற்கலாகாது. நாயும் பருந்தும் தீண்டாதபடி, நீர்நிலைக்குத் தொலைவில், கால்நடை மருத்துவர் காட்டும் இடத்தில் ஆழப் புதைக்க வேண்டும். மாட்டின் பசியும் பாலும் குறைந்தால் அதனைச் சிறு செய்தியென்று எண்ணாது உடனே தெரிவிக்க வேண்டும். மிச்சிகன் பண்ணைக்காரரின் கண்ணே அன்று முதல் எச்சரிக்கையாயிற்று. ஜப்பானின் மினமாட்டாவிலும் மனிதருக்கு நேர்ந்த பாதரச நோயை, நிலைதடுமாறிச் செத்த பூனைகள் முன்னறிவித்தன.

இவையாவும் கேட்பதற்கு எளிய அறிவுரைகள். ஆனால் ஒன்றை நாம் மறைத்தல் தகாது. இரண்டு எருமைகளின் பாலை விற்று வாழும் ஒரு குடும்பத்திடம், இன்றைய பாலைக் கொட்டிவிடுங்கள் என்று சொல்வது எளிதா? கொட்டினால் அன்றைய அடுப்பு எரியாது. கொட்டாவிட்டால் அயல் வீட்டுக் குழந்தை நஞ்சைப் பருகக்கூடும். இத்தகைய தருமசங்கடத்தில் ஏழையை நிறுத்திவிட்டு, அவர் நல்லவராக நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. இறந்த எருமையை எண்ணுவது எளிது. கொட்டிய பாலையும் அறுக்காது விட்ட கீரையையும் விலைபோகாத மீனையும் எண்ணுவது அரிது. எனினும் உணவுக் காப்பு என்பது இந்த இரண்டாம் கணக்கில்தான் நிற்கிறது. பாலைக் கொட்டுங்கள் என்ற ஆணையும், கொட்டிய பாலுக்கு விலை இது என்ற அறிவிப்பும், மாற்றுத் தீவனம் இந்த இடத்தில் கிடைக்கும் என்ற செய்தியும் ஒரே நாளில், ஒரே குரலில் வருமாயின், அந்த ஆணை பணியப்படும். முன்னது மட்டும் வந்து பின்னவை வராவிடின், பால் இரவோடிரவாக அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போய்விடும். குற்றம் பால்காரருடையது மட்டும் ஆகாது.

ஆகவே மாவட்ட நெருக்கடிக் குழுக்கள் ஒத்திகை நடத்தும்போது தீயணைப்பு வண்டியையும் மருத்துவ ஊர்தியையும் வரவழைப்பதோடு நில்லாது, கால்நடை மருத்துவரையும் பால் கூட்டுறவுச் சங்கத்தாரையும் அழைத்தல் வேண்டும். எந்தக் கிராமத்தில் எத்தனை கறவை மாடுகள், எங்கே மூடிய கிணறு, எங்கே மாற்றுத் தீவனம் என்னும் கணக்கு விபத்துக்கு முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். கேரளத்து மாவு மூட்டையிலிருந்து விசாகப்பட்டினத்துத் தொழுவம் வரையில் நாம் பார்த்த ஒவ்வொரு நிகழ்ச்சியிலும், அறிவு இருந்த இடம் ஒன்று, அது தேவைப்பட்ட இடம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைப்பதே ஆலை நடத்துவோர், அதிகாரிகள், விஞ்ஞானிகள், மொழிபெயர்ப்போர், வானொலியார் ஆகிய அனைவருக்கும் பொதுவான கடமை. அக்கடமை நிறைவேறியதா என்பதை நாம் அறியும் இடம், ஆலைக்கு அருகே குடியிருக்கும் பால்காரரின் வாசலே. காற்று மாறி வீசினால் என்ன செய்வீர் என்று அவரிடம் கேட்டுப் பார்ப்போம். அவர் தயக்கமின்றி விடை கூறுவாராயின், சட்டம் காகிதத்தை விட்டு இறங்கி மக்களிடம் வந்துவிட்டது என்று மகிழலாம்.